பற்றவைத்த கதவு

அத்தானுக்கும் எனக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லாமல் இருந்தது. காரணம் ஒரு கார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆரையம்பதி வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நானும் மனைவியின் சீதன வீட்டில் இருப்பவன்தான். ஆனால் அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியத்தில் சாப்பிட்ட கை காயுமுன்னே, "வளவுக்குள்ள கிடக்கிறதெல்லாம் வளவுக்காரிக்குத்தான்" என்று அக்காவின் புருஷனான அத்தான் நாலு பேருக்கு முன்னால் சொன்னார். கொட்டிலில் கிடந்த அப்பாவின் காரைத்தான் சொன்னார். அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகும் அவர் காரை விற்காமல் இருந்தது எனக்குப் பயந்துதான் என்று நினைத்திருந்தேன்.

அது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவர் கைவிட்டதை, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அப்பா எப்படியோ வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஓட்டுவார். பக்கத்து இருக்கையில் அக்கா. அக்காவின் மடியில் நான். கல்லடிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவோம்.

அத்தான் ஃபைபர் தோணி செய்கிறவர். போன வருடம் தோணி வார்க்கும் அச்சு வைக்க அவருக்குக் கொட்டில் தேவைப்பட்டது. நான் முற்றத்தில் நிற்கும்போது அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "உன்ட தம்பிக்குச் சொல்லு. மாரி மழைக்கு முதல் கொட்டில் காலியாகணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரனக் கூப்பிடுவன்."

"அக்கா, உங்கட மனிசனுக்குச் சொல்லுங்க. கார் தன்ட கால்லயே வெளிய போகும்" என்றேன்.

வாய் இருந்தது, கையில் காசு இல்லை. புளியந்தீவு உதிரிப்பாகக் கடைகளில் காரின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள். ஒருவன், "அருங்காட்சியகத்தில கேளுங்க ஐயா" என்றான். அவன் கடைப் பக்கம் இன்றுவரை போகவில்லை. முன்விளக்கைக் கை உழவு மெஷினிலிருந்து கழற்றினேன். காத்தான்குடியில் ஓட்டோவுக்கு சீட் தைப்பவர் மிச்ச ரெக்சினில் தைத்துத் தந்ததால் ஓர் இருக்கை சிவப்பு, மற்றது கறுப்பு. இரவல் வாங்கிய வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து, வாவியின் உப்புக்காற்று தின்ற தகடுகளை எண்ணெய்ப் பீப்பாத் தகரத்தால் ஒட்டினேன். ஒரு பக்கம் ஒட்ட மறுபக்கம் உதிரும். வாவியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஒட்டினேன்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருப்பா. சிக்குன்குனியா வந்துபோனதிலிருந்து அவவின் முழங்கால் மடங்குவதில்லை. நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பா. ஏன் என்று நான் கேட்டதில்லை.

கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் தகடு இரண்டு பக்கமும் துருப்பிடித்து உக்கியிருந்தது. கூரையில்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. அதை அறுக்கப் போன அன்று அத்தான் கொட்டில் வாசலில் நின்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "உன்ட தம்பிக்குச் சொல்லு. குறுக்கால முட்டுக் குடுக்காம அறுத்தா நடு கீழ இறங்கிரும். தோணிக்கும் இதுதான் கணக்கு."

அவர் சொன்னது சரி என்று கேட்டவுடனேயே எனக்குத் தெரியும். சொன்னவர் அவர். அதனால் அறுத்தேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. விடிந்து பார்த்தால் காரின் நடு இறங்கிக் கிடந்தது. ஜாக் வைத்துத் தூக்கிப் புதுத் தகடு ஒட்டினேன். கதவுகள் பொருந்தவில்லை, தட்டினாலும் இழுத்தாலும் மூடவில்லை. முட்டுக் கொடுத்து முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். அது அவர் சொன்ன வழி. அன்றிரவு அக்கா படுத்த பிறகு, கதவுகளைக் கயிறு போட்டு இறுக்கி, வெல்டிங்கால் சுற்றிவரப் பற்றவைத்தேன். கைப்பிடிகளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, தோணிக்கு அடிக்கும் நீல நிறத்தை மேலே பூசினேன். கதவுகளின் பிடியில் காரின் உடம்பு இறுகிவிட்டது. கதவுக்கு மேலால் கால் போட்டு ஏறினால் போகிறது, ரேஸ் ஓடுகிறவனெல்லாம் அப்படித்தானே ஏறுகிறான் என்று எனக்கு நானே பீற்றிக்கொண்டேன்.

மாரி தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டிலை விட்டு வெளியே எடுத்தேன். அத்தான் கேற்றடியில் நின்றார். அவர் முகத்துக்கு நேரே ஹோர்ன் அடித்தேன்.

அப்போது அக்கா படியிறங்கி வந்தா. கோயிலுக்கு உடுக்கும் சீலை. தலைமயிர் பறக்காமல் துணி கட்டியிருந்தா. சிறுவயதில் காரில் ஏறுமுன் கட்டுவதுபோலவே. நொண்டி நொண்டி மறுபக்கம் வந்து கதவின் மேல் கையை வைத்தா. கை நீலத் தகட்டில் அங்குமிங்கும் தேடியது.

"கைப்பிடி எங்கடா தம்பி?"

அத்தான் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா அவர் தோளைப் பிடித்து அதில் ஏறி நின்றா. காலை உள்ளே போட முழங்கால் விடவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இறங்கினா.

அத்தான் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இரும்புக்காரன் மூணு தரம் வந்தவன்" என்றார். ஏழு வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தரம். "நான்தான் கூட்டியந்தன். ஒவ்வொரு தரமும் இவ கொட்டிலப் பூட்டி, பூட்டுத் திறப்ப ஒளிச்சுப் போட்டா. சாக முதல் ஒருக்கா இதில பாலத்துக்குப் போகணுமாம்."

கதவை அறுத்தால் கார் இரண்டாக மடியும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பரவாயில்லடா, நீ போயிட்டு வா" என்றா அக்கா. "நான் கேற்றடியில நிக்கிறன்."

கார் தன் காலிலேயே வெளியே போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன், சொன்ன என் வாயில் மண் விழ. பாலம் வரைக்கும் போனேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.