பலாப்பால் பூசிய மூட்டு

வழியில் வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் குனிந்து, அடியில் என்ன ஒழுகுகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஒழுகினால் நிம்மதி. திட்டிக்கொண்டே சரிசெய்துவிடலாம். ஒன்றுமே ஒழுகாமல் வண்டி நின்றுபோனால்தான் நம் ஆட்கள் உடனே சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். என் அப்பா அதில் கைதேர்ந்தவர். இப்போது நான் ஐடிஐ ஒன்றில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்துகிறேன். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு மூட்டு விட்டுப்போனால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போய்விடும் என்று சொல்லித்தர வேண்டிய நாளில் எனக்குக் கொல்லிமலை ரோட்டின் அறுபத்தொன்றாவது வளைவு ஞாபகம் வந்துவிடும். அதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. முக்கால்வாசி அது பாடத்தில் வராத கதை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்கா பிளஸ் டூ முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நாமக்கல்லுக்கு நேரில் வரச்சொல்லிக் கடுதாசி வந்தது. காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் சீட்டு அடுத்த பேருக்குப் போய்விடும். அக்கா அதை எத்தனை தடவை படித்தாளோ, மடிப்பு கிழிந்து, பின்னால் சோற்றுப்பருக்கை வைத்துத் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் திண்ணனூர் நாட்டில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை.

அதிகாலை பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. மாமாதான் எதற்குப் பஸ், என் ஜீப் சும்மாதானே நிற்கிறது என்று சொல்லிவிட்டார். மாமா என்றால் அத்தை மகன். அப்பாவின் அக்கா மகன், அக்காவுக்கு முறைப் பையன். அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அத்தை வந்து இவள் எனக்கு மருமகள் என்று சொல்லிவிட்டுப் போனதாக வீட்டில் சொல்வார்கள். யாரும் அதை மாற்றிச் சொன்னதில்லை. படித்துவிட்டு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மூன்று வருஷம் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் படித்து, வேலைக்கும் போகிற பெண் திரும்பி வந்து மிளகு பறிக்கமாட்டாள் என்பது அப்படிச் சொன்ன எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மாமா அக்காவுக்கு வாங்கிவரும் தேன்மிட்டாயில் பாதி எனக்கு வரும், அந்த உறவில் எனக்கிருந்த அக்கறை அவ்வளவுதான்.

நானும் வருவேன் என்று அழுது புரண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். அம்மா என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, வாந்தி வந்தால் மோந்துகொள் என்றாள். எனக்கு வாந்தியெல்லாம் பெரிதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்ட பலகைகள் உண்டு. இறங்கும்போது எழுபதிலிருந்து ஒன்றுவரை தலைகீழாக எண்ணிக்கொண்டு போக வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது. அதற்காகத்தான் அந்த அழுகை.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். அறுபத்தொன்று வந்தபோது ஜீப் இரண்டு தடவை விக்கியது, பிறகு மூச்சை விட்டுவிட்டது. மாமா ஓரமாக நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பானட்டைத் திறந்தார். அப்பா குனிந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. மாசி பெரியசாமிக்குத் தேங்காய் உடைக்காமல் கிளம்பியது தப்பு என்று அப்பா அப்போதே தீர்ப்பு சொல்லிவிட்டு, இரண்டாகச் சேர்த்து உடைப்பதாக வேண்டிக்கொண்டார்.

நான் பம்பரின்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் ஃபில்டரில் சேரும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டு இருந்தது. மாமா அதைத் தொட்டதும் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. இந்த வழியாகத்தான் காற்று போகிறது என்றார். காற்று போனால் வண்டி ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். இஞ்சின் டீசலை உறிஞ்சும்போது விரிசல் வழியாகக் காற்றும் சேர்ந்து வந்துவிடுகிறது, காற்றைக் குடித்து எந்த வண்டி ஓடும் என்றார். ஒழுகாத ஓட்டை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவே தோன்றவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த மூட்டு தானாகத்தான் உடைந்தது. இருபது வருஷ வண்டி, இஞ்சின் சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். இதை நான் மெக்கானிக்காகச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் மெக்கானிக் படிப்பு உதவவில்லை.

மாமா என்னை ஸ்பேனர் எடுத்துவரச் சொன்னார். சீட்டுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். ஜாக்கிக் கம்பி, கிழிந்த பனியன், அதற்கடியில் சுருட்டி வைத்த புது ரப்பர் டியூப், அதோடு சேர்த்துக் கட்டிய இரண்டு பளபளப்பான இரும்புக் கிளிப்புகள். டியூபை வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு ஸ்பேனரோடு வந்தேன். மாமா ஸ்பேனரை வாங்கவில்லை. என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அத எடுத்த எடத்துலயே வெச்சுரு கண்ணு. அது வேற வேலைக்கு," என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் மாமா மேட்டில் ஏறி, ரோட்டோரப் பலாவில் ஒரு பிஞ்சின் காம்பைக் கத்தியால் கீறி, வடிந்த பாலை இலையில் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பலாப்பால் வெச்சா பொட்டிப்போன பானையே தண்ணி தாங்கும். இந்தக் கொழாய் என்ன பெருசு," என்று அக்காவுக்குத் தைரியம் சொன்னார். எங்கள் பக்கத்தில் பலாப்பாலுக்கு ஒட்டாதது இல்லை. பானை, முறம், பழைய ரேடியோவின் மூடிவரை எல்லாவற்றையும் அதில்தான் ஒட்டுவோம். மாமா விரிசலைத் துடைத்து, பாலைத் தடவி, பனியனைக் கிழித்துச் சுற்றி, அதன்மேலும் தடவினார். காய வேண்டும் என்று உட்கார்ந்தோம். அக்கா உட்காரவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்த துணிக்கடைப் பையில் சர்ட்டிபிகேட்டுகளோடு, அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் பலாப்பழம் வெட்டுமுன் அம்மா உள்ளங்கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வாள். தடவாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு நாலு நாள் போகாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் பலாப்பால் நிற்காது, இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஃபில்டர் ஓரத்தில் இருந்த ஈரத்தைத் தொட்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்றுதான் இருந்தது.

"மாமா, டீசலும் எண்ணெய்தானுங்களே?" என்று கேட்டேன்.

மாமா கத்தியைப் புல்லில் துடைத்தார்.

"டீசல் வேற எண்ணெய் கண்ணு," என்றார்.

அப்படியா என்று விட்டுவிட்டேன். ஊரில் எந்த விசேஷத்துக்கும் பலா வெட்ட முதலில் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள், முழங்கைவரை எண்ணெய் பூசிக்கொண்டு உட்காருவார். எண்ணெயைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

முக்கால் மணி நேரம் போயிற்று. ஃபில்டரின் மேலிருக்கும் குட்டித் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். முதலில் நுரை வந்தது, பிறகு வெறும் டீசல் வந்தது. காற்று வெளியே போவதைக் கண்ணால் பார்க்க முடிந்ததில் எனக்கு அப்படியொரு ஆனந்தம். ஜீப் கிளம்பியது. மாமா மெதுவாகத்தான் ஓட்டினார். நான் மறுபடி எண்ண ஆரம்பித்தேன். ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது. முப்பத்தெட்டில் வண்டி விக்கியது.

பானட்டைத் திறந்தால், பலாப்பால் கொழகொழவென்று கரைந்து பனியன் துணியோடு வழுக்கிக்கொண்டு வந்தது. மணி எட்டேகால். அப்பா இரண்டு தேங்காயை ஐந்தாக்கினார். மாமா சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, மறுபடி பால் எடுத்துத் தடிமனாகப் பூசிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஒன்பது மணிக்குமேல் வரும் பஸ்ஸைப் பார்க்கலாம் என்றார். அந்தப் பஸ்ஸில் போனால் பத்து மணிக்குள் போய்ச் சேர முடியாது.

அக்கா அழவுமில்லை, கோபப்படவுமில்லை. செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டு ரோட்டில் இறங்கினாள்.

"நீங்க சரி பண்ணீட்டு வாங்க. நான் நடந்துட்டு இருக்கறன்."

"முப்பத்தெட்டு வளைவையும் நடந்து எப்பப் போய்ச் சேருவ சாமி?" என்றார் அப்பா.

"நின்னுட்டிருந்தாலும் போய்ச் சேர முடியாதுங்களே," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த இடத்தில் ரோடு கீழே மடிந்து மடிந்து போவது மேலிருந்தே தெரியும். முதலில் அக்கா முப்பத்தேழாவது பலகையைத் திரும்பி மறைந்தாள். பிறகு எங்களுக்கு நேர் கீழே, பச்சைச் சுடிதார் மட்டும் தெரிய, எதிர்ப்பக்கமாக நடந்தாள். முப்பத்தாறில் திரும்பி இன்னும் கீழே வந்தாள். பையை மார்பிலிருந்து எடுக்கவேயில்லை, ஒரு தடவைகூட மேலே பார்க்கவுமில்லை. எண்ணுவதற்கு வேறொன்றும் இல்லாததால் நான் அவளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமாவும் ரோட்டின் தடுப்புச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முப்பத்தைந்தைத் திரும்பியதும், மாமா விறுவிறுவென்று போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார்.

அந்தப் புது டியூபை எடுத்தார். உடைந்த மூட்டைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தார். டியூபைக் கத்தியால் ஒரு சாண் நறுக்கி, முனைகளை ரேடியேட்டர் வெந்நீரில் நனைத்து இளக்கி, ஒரு முனையை ஃபில்டர் வாயிலும் மறுமுனையை இரும்புக் குழாயிலும் ஏற்றி, இரண்டு கிளிப்பையும் இறுக்கினார். கைப்பம்பை என்னை அடிக்கச் சொன்னார். அடித்தேன். நுரை நின்றது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முப்பத்தொன்றில் அக்காவைப் பிடித்தோம். மாமா அவள் பக்கம் திரும்பாமல், "ஏறு புள்ள, நேரமாச்சு," என்றார். அக்கா ஏறிக்கொண்டாள். சரியாகிவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. அதன்பிறகு மாமா ஓட்டிய ஓட்டத்தில் எலுமிச்சம்பழத்துக்கு வேலை வந்துவிட்டது, முப்பதுக்குக் கீழே நான் ஒரு பலகையையும் பார்க்கவில்லை. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா நாமக்கல்லில் அந்த வாசற்படி ஏறினாள். சீட்டுக் கிடைத்தது. ஐந்து தேங்காயின் மகிமை என்று அப்பா வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் மாமா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மலையடிவாரம் தாண்டியதும் கேட்டேன்.

"அந்த டியூப் காத்தாலயே பொட்டியில இருந்துதுங்களே மாமா?"

"இருந்துச்சு கண்ணு."

"அப்பறம் ஏனுங்க போடல?"

மாமா கியரை மாற்றினார். "மறந்துட்டன் கண்ணு," என்றார்.

நான்தான் கையில் மாட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அவர்தான் திருப்பி வைக்கச் சொன்னார், அதற்குள் எப்படி மறக்கும்? நிறைய யோசித்து, மாமாவுக்கு ஞாபகசக்தி கம்மி என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை இருக்கும்போதே அதை எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அம்மா என்னைக் கோழி அடைக்கப் போகச் சொன்னாள். அப்போது கோழி அடைகிற நேரமே இல்லை.

அக்கா இப்போது ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ், குடும்பமும் அங்கேதான். மாமாவுக்கும் பைல் நாட்டில் பெண் எடுத்து இரண்டு பிள்ளைகள். பார்த்தால் நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கு இந்த வயதில் மாமாவின்மேல் கோபம் வருவதில்லை, பாவமாக இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் டியூபை வைத்துக்கொண்டு பலாமரத்தைத் தேடி மேடேறிய மனுஷனை வேறு எப்படி நினைப்பது?

படிக்கப் போன அக்கா முதல் லீவுக்குப் பொங்கலுக்கு வந்தாள். மாமாவின் மறதியை அவளுக்கும் நடித்துக் காட்டினேன். அவளும் சிரிக்கவில்லை. கரும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, "நான் எத்தன வளைவு போனதுக்கு அப்பறம் அவரு பொட்டியத் தொறந்தாரு?" என்று கேட்டாள்.

எண்ணிக்கையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தைந்து என்று விரல் விட்டு, மூன்று என்றேன்.

"மூணே வளைவுதானா," என்றாள் அக்கா. பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள், முகம் கழுவிக்கொண்டுதான் திரும்பி வந்தாள். கேட்ட கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் நான் அவள் வைத்துவிட்டுப் போன கரும்பையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.