அக்காவுக்காக எழுதிய ஆங்கிலம்

அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் கந்தோரில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். கப்பல் அதிகாரி ஒருவர் விட்டுப்போன தடித்த அகராதி கையில் கிடைத்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது என்று அதில் போட்டிருந்தது. குவாரண்டைன் என்றால் நாற்பது நாள். கொள்ளைநோய்க்குப் பயந்து வெனிஸ்காரர் கப்பல்களை அத்தனை நாள் வெளியே நிறுத்தி வைத்தார்களாம். டிசாஸ்டர் என்றால் கெட்ட நட்சத்திரம். அட, நம்முடைய கிரகபலன்தானே! யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கும். மீன்கடைக்காரரைக்கூட நான் விட்டுவைத்ததில்லை.

அக்கா அப்போது தூரத்து ஈச்சிலம்பற்றுக் கிராமத்தில் ஆசிரியை. பத்து மாதப் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு, வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு மத்தியானம் போய்விடுவாள். பிள்ளை அவளைக் கண்டாலே வீரிட்டு அழத் தொடங்கியிருந்தது. நகரத்துக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னாள்.

"தம்பி, சும்மா விளங்கிற மாதிரி எழுது."

எனக்கா சும்மா எழுத வரும்? அந்தக் காலத்தில் ஆங்கில விண்ணப்பம் என்றால் வாசிக்கிறவர் அகராதியைத் தேடவேண்டும், அதுதான் மரியாதை. நோயில்லாமலே ஒரு தாய் குவாரண்டைனில் கிடக்கிறாள் என்று தொடங்கி மூன்று பக்கம் அடித்துத் தள்ளினேன்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கல்விக் கந்தோருக்குப் பறந்தேன். அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நான்தான் என்றதும் கிளாக்கர் எழும்பிவிட்டார்.

"நீங்களோ எழுதினது? ஐயா அதைத் தன்ர மேசை லாச்சியிலயே வச்சிருக்கிறார். வாற ஆக்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறவர். இருங்கோ, இருங்கோ."

கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது. கல்வி அதிகாரி ஐயாவே உள்ளே கூப்பிட்டு, குவாரண்டைன் எங்கேயிருந்து வந்த சொல் என்று கேட்டார். விடுவேனா? வெனிஸில் தொடங்கி வானத்து நட்சத்திரம்வரை ஒரு மணித்தியாலம் கதைத்தேன். கைகுலுக்கி அனுப்பினார்.

சைக்கிளில் பாதித் தூரம் வந்தபிறகுதான், இடமாற்றத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பது உறைத்தது. திரும்பி ஓடினேன். ஐயா போய்விட்டார். அந்த ஆண்டு இடமாற்றப் பட்டியல் போன கிழமையே கொழும்புக்குப் போய்விட்டது என்றார் கிளாக்கர். விண்ணப்பம் ஐயாவின் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்ததால் அக்காவின் பெயர் அதில் ஏறவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளி பின்னேரம் அக்கா பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"என்னவாம்?"

"கடிதம் நல்ல திறமாம், அக்கா."

அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பையை இறக்கி வைத்துவிட்டு, என் இடுப்பிலிருந்த பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினாள். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது.