வயிற்றுக்குள் கேட்ட கச்சேரி

பொதுமேடை நிகழ்ச்சிக்கு உரிமம் கேட்கும் விண்ணப்பத்தில் நிகழ்ச்சியின் வகையைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. பாட்டு, நடனம், நாடகம், மாயவித்தை, மற்றவை. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் அந்த உரிமப் பிரிவில் நான் இருந்த காலம் முழுக்க ‘மற்றவை’ எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன. பாம்புகளோடு படுத்திருக்கும் பெண், பல்லால் லாரி இழுப்பவர், செத்தவர்களோடு பேசுபவர். கடைசி ஆளுக்கு உரிமம் மறுத்தோம். மறுமுனையில் பேசுபவரின் ஒப்புதலை அவர் இணைத்திருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கலாசாரச் சங்கம் விண்ணப்பம் போட்டது. ஐரோப்பாவிலிருந்து இருவர் வந்து மின்கருவிகளால் புதுவகைச் சத்தங்கள் எழுப்புவார்களாம். பாடகர் இல்லை, வரிகள் இல்லை, ஆகவே தணிக்கைக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. தணிக்கை செய்ய ஒன்றும் இல்லாத கோப்பைப் பார்த்தால் ஓர் அதிகாரிக்கு வரும் சந்தேகம் தனி ரகம். இரண்டு முறை விளக்கம் கேட்டுவிட்டு உரிமம் கொடுத்தேன்.

உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று, ஆய்வு அதிகாரிக்கு முன்வரிசையில் இரண்டு இருக்கைகள். இரண்டாவது இருக்கை யாருக்கு என்று விதி சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அதை மனைவிக்கு என்றே பொருள்கொண்டோம்.

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது, முதல் பிள்ளை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையில் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து வேலை பார்த்தவள். அவள் கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்துக் குடும்பம், ஆகவே வளைகாப்பு நடந்தது. யாழ்ப்பாணத்து வழியில் வந்த எங்கள் வீட்டில் அந்தச் சடங்கு கிடையாது. அம்மாவின் கையில் வளையல் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் பிள்ளை தெம்பாக வளரும் என்று அவள் வீட்டில் எனக்கு விளக்கினார்கள். ஆலையிலோ வளையலோடு உள்ளே விடமாட்டார்கள். வளைகாப்பு வளையலைப் பிரசவம்வரை கழற்றக் கூடாது. இரண்டு விதிகளும் மோதியதில் ஆலையின் விதி தோற்றது. அவள் முன்கூட்டியே விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சிக்குக் காரில் போகும்போதுதான் சொன்னாள்.

“ரெண்டு நாளா சரியா அசையலைங்க.”

“நாளைக்குக் கிளினிக் நாள்தானே. வேணும்னா இப்பவே திரும்பிடுவோம்.”

“வேணாம். அங்க ஏர்கான் இருக்கும்ல? கொஞ்சம் குளுகுளுன்னு உக்காந்தா முழிச்சுக்கும்.”

மேடையில் இரண்டு நீண்ட மேசைகள். மேசை நிறையப் பெட்டிகள், பெட்டிகளிலிருந்து குடல் சரிந்ததுபோல வயர்கள். இருவரும் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எங்கள் அலுவலக முகப்பில் பொதுமக்களுக்கு நன்கு பழக்கமான தோரணைதான். முதலில் ரீங்காரம் மட்டும் வந்தது. மனைவி என் காதருகே குனிந்தாள்.

“எங்க ஃபேக்டரி மாதிரியே இருக்குங்க. சூப்பர்வைசர்தான் இல்ல.”

பிறகு கீழேயிருந்து ஒன்று எழுந்தது. அதைக் கேட்டேன் என்று எழுதினால் பொய். எங்கள் இருக்கை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இருந்தது. தரையிலிருந்து நாற்காலிக் கால்களில் ஏறி, தொடை எலும்பு வழியாக அது உள்ளே வந்தது. மனைவி என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள். உள்ளே ஒரு கால் உதைத்தது. சத்தம் ஏறும்போதெல்லாம் உதைத்தது, இறங்கும்போது அடங்கியது, மறுபடி ஏறக் காத்திருந்ததுபோல மறுபடி உதைத்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பைப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை.

மறுநாள் கிளினிக்கில் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் அசைவு ஒரேயடியாக நின்றது. கழுத்தில் தொப்புள்கொடி இறுகியிருந்ததாக டாக்டர் சொன்னார். ஆண் பிள்ளை. உயிரில்லாமல் பிறந்ததற்கும் பதிவு உண்டு, செய்தேன். பெயரை யாரும் கேட்கவில்லை. எந்தத் தாளில் எங்கே கையெழுத்து என்று ஊருக்கெல்லாம் காட்டிய எனக்கு, அன்று ஒரு தாதி விரலை வைத்து இடத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

மாமியார் மருத்துவமனை நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

“மாப்பிள்ளை, ஏழு மாச வயித்துக்காரிய இடி விழுற எடத்துல கொண்டுபோய் உக்கார வெச்சீங்களே. பிஞ்சு பயந்துருக்கும்லா.”

டாக்டர் சொன்ன காரணத்தையும் மறுநாள் கிளினிக்கில் சொன்னதையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். எல்லாம் சரியான பதில்கள். கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. உள்ளே கட்டிலில் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து வெகுநாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அன்னைக்கு அது ஆடுச்சா, பயந்துச்சா?”

“ஆடுச்சு.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

என்னிடம் ஆதாரம் இல்லை.

“அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும்,” என்றாள்.

அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எங்கள் இருவருக்கும் தெரியச் செய்த ஒரே காரியம் அந்த உதைதான். அது சந்தோஷமா பயமா என்று தெரியாமல் அவளால் அதை எங்கேயும் வைக்க முடியவில்லை. தெருவில் லாரி போனாலும் அவள் கை வயிற்றுக்குப் போகும். அம்மா வீட்டுக்குப் போகும் நாட்களில் ஃபெர்ரியின் கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே, இஞ்சின் அதிரும் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி நிற்பாள். தீவை விட்டுப் போவதற்குக் கட்டணம் இல்லை, திரும்பி வருவதற்குத்தான். அம்மா வீட்டை மறந்து அப்படியே போய் வந்து போய்க்கொண்டிருந்த நாட்களும் இருந்தன.

நான் தேடத் தொடங்கினேன். பினாங்கு ரோட்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் ஊர் வழக்கில் தவுக்கே, அந்த இருவரின் பெயரை எழுதிய சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். இதைக் கேட்டு வரும் முதல் ஆள் நான் என்றார். கடைசி ஆளும் நானாகவே இருப்பேன் என்றார். இருந்தாலும் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்.

முதல் கேசட் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட சத்தம். மனைவி கொஞ்ச நேரம் கேட்டாள்.

“இது பிள்ளைய தூங்க வெச்சிரும்.”

இரண்டாவது கேசட் இரும்புப் பட்டறை.

“இது என்னையே பயமுறுத்துது. ஆனா இது இல்லைங்க.”

அந்த மேடைக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவரைக் கண்டுபிடிப்பது எனக்குச் சுலபம். அவர் பெயர் என் கோப்பிலேயே இருந்தது. மாதா கோவில் திருநாளுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற தமிழர். அன்றைய நிகழ்ச்சியை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். பெருமையோடு போட்டுக் காட்டினார்.

“அதே மேடை, அதே ராத்திரி அண்ணே. மிக்ஸர்லேர்ந்து நேரா எடுத்தது. இதவிட ஒரிஜினல் ஒங்களுக்கு எவன் கொடுப்பான்?”

மனைவி முழுவதையும் கேட்டாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

“நடுவுல சிலுசிலுன்னு ஒண்ணு வருமே, கண்ணாடி மாதிரி. அது எங்க?”

“கண்ணாடியா? அப்படி ஒண்ணுமே இல்லலா அக்கா. ரெண்டு வெள்ளக்காரன், பத்துப் பொட்டி, அவ்ளோதான்.”

“கீழ் சத்தமும் காணோம்,” என்றேன் நான்.

“அது கேசட்ல ஏறாதுண்ணே. ஒங்க வீட்டு ரேடியோவும் தாங்காது. வேணும்னா வீட்டுல ஒரு விசேஷம் வெய்யுங்க. அதே ஸ்பீக்கர கொண்டாந்து கூரைய பிரிச்சுத் தரேன்.”

எங்கள் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தோம். கடலோரமாகக் கார் திரும்பியபோது மனைவி தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது என் வளையல்ங்க,” என்றாள். “நான் கைய அசைக்கவே இல்ல. அந்தச் சத்தத்துக்கு அதுவா குலுங்குச்சு. நான் பாட்டுல வருதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அந்த வளையல்களைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோவதற்கு முன் கழற்றியிருந்தார்கள். எங்கே போயின என்று நாங்கள் விசாரிக்கவில்லை. பிள்ளையோடு திரும்பாதவளின் வளையல்களை என்ன செய்ய வேண்டும் என்று அவள் வீட்டாருக்கும் தெரியவில்லை.

அன்றோடு அவள் கேட்பதை நிறுத்தினாள். எந்த ஒலிப்பதிவிலும் அந்தச் சத்தம் முழுதாக இருக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் லாரி போனால் கை வயிற்றுக்குப் போவது நிற்கவில்லை. ஆகவே நானும் நிறுத்தவில்லை. கோப்பு மூடப்படவில்லை என்றால் நடவடிக்கை தொடர வேண்டும் என்பது நான் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதை வேறு யாரும் பின்பற்றி நான் பார்த்ததில்லை.

பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் வயிற்றில் இருந்த மாதங்களில் மனைவி கல்யாண வீட்டு மேளத்துக்குக்கூடப் போகவில்லை. மகள் வளர்ந்து, எனக்கு வந்த கேசட்டுகளைக் கேட்டு முகத்தைச் சுளிக்கும் வயதும் வந்தது. “அப்பா, இது பாட்டா, ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சா?” என்பாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சொல்வதற்கு ஏற்ற வயது எது என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை.

நான் ஓய்வுபெற்றது தொண்ணூறுகளின் நடுவில். அதே ஆண்டு தவுக்கே ஆள் அனுப்பினார். அந்த இருவர் தங்கள் பழைய பயணத்தின் மேடைப் பதிவை சிடியாக வெளியிட்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அடுத்தபடியாக வாசித்த ஊரில், கூடத்திலேயே நல்ல மைக்குகள் வைத்து எடுத்தது. இந்தச் சத்தத்துக்குச் சாதாரண ஒலிபெருக்கி போதாது என்று தவுக்கே சொன்னதால், கீழ்ச் சத்தத்துக்கென்றே செய்த பேஸ் பெட்டி ஒன்றையும் வாங்கினேன். அரிசி மூட்டை உயரம். கடைக்காரர் வந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நல்ல வெயில். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மனைவியை உட்காரவைத்து என்ன ஏது என்று சொல்லாமல் போட்டேன். ரீங்காரம் தொடங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அந்த இடம் வந்தது. தூரத்து மழைபோல ஒன்று எழுந்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்.

“இதுல பயப்பட என்னங்க இருக்கு?” என்றாள். “ஆடியிருக்கு. நல்லா ஆடியிருக்கு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ போட எழுந்து போனாள். நான் கருவியை அணைக்கக் குனிந்தேன். பேஸ் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய துளையில் மின்விசிறியின் பிளக் இருந்தது. மதியவேளையில் எங்கள் வீட்டில் மின்விசிறியைப் போடுவது அவள்தான். காற்றுக்காகச் செய்தாளா, வேறு எதற்காகவாவது செய்தாளா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டது பாதிச் சத்தம் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் விடிகாலையில் பக்கத்து வீட்டுக்காரர் லாரியைக் கிளப்பினார். அவள் கை தலையணைக்குக் கீழேயே இருந்தது. பிளக் விஷயத்தை அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் கோவிலுக்குப் போனதும் மின்விசிறியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகினேன். அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் படபடத்தன. தரையிலிருந்து அது ஏறியது. சந்தேகமே இல்லை, அன்றைக்கு வந்தது இதுதான், என் உள்ளங்கைக்குக்கூட அடையாளம் தெரிந்தது. என் வலது கால் தரையை உதைத்தது. நான் உதைக்கவில்லை. சத்தம் ஏறியபோது மறுபடி உதைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, மயிர் சிலிர்த்தது. எழுந்துவிடவும் தோன்றியது, முடியக் கூடாது என்றும் தோன்றியது. இது பயமா, ஆட்டமா என்று என்னையே கேட்டேன். படித்த மனிதன், பேசத் தெரிந்தவன், ஐம்பது தாண்டியவன். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளிக்கதவு திறந்தது. அவள் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தாள்.

“என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“ஃபேன் போடல.”

“போட்டுக்க வேண்டியதுதானே.”

மின்விசிறியின் பொத்தானை அழுத்தினாள். சுற்றவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு குனிந்து சுவரைப் பார்த்தாள். அங்கே எந்தப் பிளக் இருந்தது, எது தரையில் கிடந்தது என்பதைப் பார்க்க அதிக நேரம் தேவையில்லை. அவள் அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பேஸ் பெட்டியின் பிளக்கை உருவிக் கீழே வைத்துவிட்டு, மின்விசிறியைச் செருகினாள். காற்று வந்தது. என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

“இது இப்படியே இருக்கட்டும்,” என்றாள்.