பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே

என் வீட்டுக்காரர் அடிப்பார் என்பதை நான் எங்கள் கோயில் பாதரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். சண்டை முடிந்து மீள்குடியேற்றத்தில் எங்கள் கரைக்குத் திரும்பித் தகரக் கொட்டில் போட்ட நாளிலிருந்து, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் சொன்னேன். அதையும் என் பாவமாகவே சொன்னேன், புருசனுக்குக் கோபம் வரப்பண்ணிவிட்டேன் என்று. முழங்காலில் நின்று, பாதருக்கும் எனக்கும் நடுவில் உள்ள பலகையைப் பார்த்துச் சொல்வது எனக்கு லேசு. முகம் பார்க்கத் தேவையில்லை.

ஒரு மத்தியானம் அவர் துடுப்பை ஓங்கியபோது என் கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. அவர் செத்துப்போனார். நீதிமன்றத்தில் கேட்டதற்கெல்லாம் ஓம் என்றேன். ஆயுள் தண்டனை.

சில வருடம் போன பிறகு ஒரு பெண் சட்டத்தரணி சிறைக்கு வந்தார். அடிவாங்கி இப்படி ஆனவர்களுக்காக ஜனாதிபதியிடம் மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அடித்தது தெரிந்த ஒருவர் எழுதித் தரவேண்டும் என்றார்.

"ஆருக்காவது சொன்னனீங்களோ, அம்மா?"

"ஓம். பாதருக்கு எல்லாம் தெரியும்."

எங்கே வைத்துச் சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். பேனையை மூடிவிட்டார்.

"அங்க கேட்டதை அவர் வெளியில சொல்லேலாது. தலை போனாலும் சொல்லேலாது. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். ஆனால் என்னைக் காப்பாற்றச் சொல்வதற்கும் அது தடை என்று நான் நினைக்கவில்லை.

பக்கத்துப் பாயில் அடம்பன் ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். வயல்வேலை செய்தவள், வாய் கூடியவள்.

"நல்ல ஆளைத்தான் பிடிச்சியள், அக்கா. ஊரில வாய் திறக்கேலாத ஒரே மனிசனைத் தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறியள். எங்கட கோயில் வைரவரிட்டச் சொல்லியிருந்தாலும் ஆரிலயாவது உருவந்து கத்தியிருப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சட்டத்தரணி சொல்லி பாதர் என்னைப் பார்க்க வந்தார். கம்பி வலைக்கு அப்பால் நின்றார். ஒன்றுமே கேள்விப்படாதவரின் முகம்.

"இப்ப, இங்க வைச்சு நீங்கள் சொன்னாத்தான் நான் எழுதலாம், அம்மா."

"பாதர், உங்களுக்கு..."

"எனக்கு ஒண்டும் தெரியாது."

இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அங்கே எல்லோரும் கத்தித்தான் கதைப்பார்கள், மெல்லச் சொன்னால் அடுத்த பக்கம் கேட்காது. நான் மெல்லத் தொடங்கினேன். பாதர் காதில் கையை வைத்துக் காட்டினார்.

அதனால் கத்தினேன். துடுப்பு என்றேன். எந்தக் காது கேட்காமல் போனது என்றேன். மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு நெருப்புப்பெட்டி தேடினார் என்றேன். பக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் எனக்குக் குரலைக் குறைக்கத் தோன்றவில்லை. கூச்சமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மீன் விலை சொல்வதுபோலச் சொன்னேன். பாதர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். "பிறகு?" என்றார். பிறகு நடந்ததையும் சொன்னேன்.

மன்னிப்பு வர நெடுநாள் எடுத்தது. வந்த அன்று தோட்டவெளியிலிருந்து தங்கச்சி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து, பசிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெல்லக் கதையுங்கோ, அக்கா. சனம் பாக்குது."

தோட்டவெளிக்குக் கிட்ட, தாராபுரம் தாண்டும்வரை நான் வேறொன்றும் கதைக்கவில்லை.