மாடு ஒதுக்கிய புண்ணாக்கு

கொரோனா அடங்கியதற்கு மறு வருடம் நடந்தது இது. தொட்டியத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வாழை உண்டு. என் கணவர் திருச்சிக்குப் போய் வரும் தனியார் பஸ்ஸில் டிரைவர். அதனால் வாழையையும், அதன் ஓரத்தில் வெட்டிய மீன் குட்டையையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. குட்டையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. 'பொம்பளை வளர்க்கிற மீனாம்' என்று கேலி பேசியவர்கள், முதல் வருடம் நான் பிடித்த கட்லாவைப் பார்த்துவிட்டு, குஞ்சு எங்கே வாங்கினீர்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள்.

தீனி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கலந்து, ஓட்டை போட்ட உரச்சாக்கில் கட்டி, குட்டைக்குள் நட்ட மூங்கிலில் தொங்கவிடுவேன். மீன்கள் சாக்கை முட்டி முட்டித் தின்னும்.

இரண்டாம் வருடம், புண்ணாக்கு விலை ஏறப்போகிறது என்று யாரோ சொன்னதை நம்பி மொத்தமாக வாங்கி மோட்டார் கொட்டகையில் அடுக்கினேன். மழையில் கூரை ஒழுகியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் அடியிலிருந்த மூன்று சாக்கைப் பிரித்தால், கட்டி கட்டியாகப் பச்சையும் சாம்பலுமாய்ப் பூசணம். மேலாகச் சுரண்டிவிட்டு, கொஞ்சம் வாளியில் ஊறவைத்து எங்கள் பசுவுக்கு வைத்தேன். ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மாட்டுக்குத்தான் மூக்கு இருக்கிறது, மீனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இடித்து, தவிட்டோடு கலந்து குட்டையில் கட்டினேன். மூன்று சாக்கும் தீரும்வரை கட்டினேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், கூரையை ஏன் பார்க்கவில்லை என்று ஆரம்பிப்பார்.

ஒரு மீன்கூடச் சாகவில்லை. அதனால் நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் குட்டை வைத்திருந்த எல்லோருக்கும் அப்போது வலை போட ஒரே ஆள்தான். ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். மாதம் ஒரு முறை வந்து வலை இழுத்து, நாலு மீனை நிறுத்துக் காட்டிவிட்டு மறுபடி விடுவார். அந்த ஐப்பசியில் வந்தவர், மீனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்னம்மா, மீனெல்லாம் சுணங்கிக் கெடக்கு. வலையில துள்ளவே மாட்டேங்குதே. தீனி ஏதும் மாத்தினீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைண்ணே" என்றேன்.

அவர் வலை இழுத்த ஐந்தாம் நாள் காலை, கரையோரம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் மீன். வயிறு ஊதி, செதில் உதிர்ந்து, வாலுக்குப் பக்கத்தில் ரத்தச் சிவப்பாகப் புண். சாகாதவை தலையை மேலே நீட்டித் தள்ளாடின. மறுநாள் இன்னும் அதிகம். மூன்றாம் நாள் நாற்றம் வீடு வரைக்கும் வந்தது. ஊரே கரையில் வந்து நின்றது. கேள்விப்பட்டு வலை போட்டவரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரைக் கண்டதும் என்ன ஆனதோ, எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"எந்தக் குட்டையில முக்கின வலையோ, அதை அப்படியே கொண்டாந்து என் குட்டையில போட்டீங்களே! என் மீனையெல்லாம் சாகடிச்சுட்டீங்களேண்ணே!"

"கழுவித்தாம்மா கொண்டு வந்தேன்" என்றார். இரண்டு முறை சொன்னார். என் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே மண்வெட்டியை எடுத்து வாழைக்குப் பின்னால் குழி வெட்டினார். செத்த மீனைக் கூடை கூடையாகச் சுமந்து போட்டு, சுண்ணாம்பு தூவி மூடினார். நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு ரோகு மீனை வாழை இலையில் வைத்து அறுத்தார். ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது. விரலால் தொட்டதும் பொடிந்தது.

"இந்தப் புண்ணு வர வைக்கிற கிருமி எல்லாக் குளத்துத் தண்ணியிலயும் இருக்குறதுதாங்க. மீன் தெம்பா இருந்தா ஒண்ணும் பண்ணாது. இதுக்கு ஈரலே கெட்டுப்போச்சு, எதை எதிர்த்து நிக்கும்? பூசணம் புடிச்ச புண்ணாக்கு ஏதாவது போட்டீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"காய வெச்சாலும் பூசணத்தோட விஷம் போகாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் உண்மை அன்றைக்கே வெளியே வந்திருக்குமோ என்னவோ.

அதன்பிறகு அந்த வலைக்காரரை யாரும் குட்டைக்குக் கூப்பிடவில்லை. அதே வாரத்தில் அவர் வலை போட்ட மற்ற குட்டைகளில் எல்லாம் மீன் நன்றாகத்தான் இருந்தது. அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்த ஒரே ஆள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை. தை மாதம் அவருடைய மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாதான் நம்புவாங்க."

"நான் என்ன பண்ண முடியும்? ஆளாளுக்கு ஒரு பயம் இருக்கும்ல" என்றேன். இப்படியும் என்னால் பேச முடிந்திருக்கிறது. சில மாதங்களில் அவர்கள் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

அடுத்த முறை குஞ்சு விட்டபோது தீனியில் நான் விளையாடவில்லை. பலகை போட்டு, அதன்மேல் சாக்கை அடுக்கி, கையளவு ஈரம் தெரிந்தாலும் தூக்கிக் குப்பையில் போட்டேன். வலை போட வெளியூரிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். அவர்கள் வந்துபோன பிறகுதான் தெரிந்தது, அன்று காலை புண் கண்ட மீன் உள்ள ஒரு குட்டையில் வலை இழுத்துவிட்டு, ஈரம்கூடக் காயாமல் நேராக என் குட்டைக்கு வந்திருக்கிறார்கள்.

பத்து நாள் கரையிலேயே கிடந்தேன். ஒன்றிரண்டு மீனுக்குச் சின்னதாகச் சிவப்பு கண்டு, அதுவும் ஆறிப்போனது. மற்றவை சாக்கை முட்டிக்கொண்டு தின்றன. அழுக்கு வலையே வந்தும் மீன் நிற்கிறது. அப்படியென்றால் அன்றைக்குச் செத்தது யாரால் என்பதில் சந்தேகமே இல்லை.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவர் ஸ்ரீரங்கத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேனா இருக்காராம். போயிட்டு வா. என்னைக் கூப்பிடாதே, பேசினது நீ."

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் மாறிப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் தொளதொளவென்று ஒரு நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"வாங்கம்மா. மீனெல்லாம் எப்படி இருக்கு?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே புண்ணாக்கு நனைந்ததிலிருந்து அதிகாரியிடம் பொய் சொன்னதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏய்… நம்ம வலையால இல்லையாம்டி. அந்தம்மாவே வந்து சொல்றாங்க." அதையே இன்னொரு தடவையும் சொன்னார். இத்தனை நாளும் தன்னால்தான் மீன் செத்தது என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்!

போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் அவர் மனைவி அழவில்லை.

"இதை ஊர்ல சொன்னீங்களாக்கா?"

"இல்லை."

"அங்கதானேக்கா அவரைச் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"அவ அப்படித்தான் பேசுவா, மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று அவர் எனக்குச் சமாதானம் சொன்னார். திரும்பி வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். வலையை விற்றாயிற்று என்றார். அதற்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து, உள்ளே இருந்தவருக்குச் சலாம் வைத்தார்.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் எல்லோரும் கூடியிருக்கும்போது சொன்னேன். பசு மோந்ததைக்கூட மறைக்கவில்லை. ஒரு நிமிடம் கேட்டார்கள். "அட, விடுங்க. அவர்தான் போயிட்டாரே. இப்ப வர்ற பசங்களும் நல்லாத்தானே போடுறாங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், பாலில் டிகிரி குறைகிறது, விலை கட்டவில்லை என்று வேறு பேச்சை ஆரம்பித்தார். கூட்டம் கலைந்துவிட்டது.

நான் பொய்யாகப் பழி சொன்ன அன்று ஊரே நின்று கேட்டது, உண்மையைச் சொன்ன அன்று பால் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அந்த மனிதர் வலை போட்ட குட்டைகளைக் கடந்து போகும்போதெல்லாம் இன்றும் என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.