சரோஜத்தின் கையும் மலிவான மென்பொருளும்

வீட்டுக் கொல்லையில் கணினி சொல்படி இயங்கும் சிறு இயந்திரம் வைத்து ஆசைக்கு மரத்தில் உருவங்கள் வெட்டுகிறவர்களுக்கு மலிவான மென்பொருளைத் தேர்ந்து சொல்வது என் தொழில். விலை குறையும்போது கூடவே வேறென்ன குறைகிறது என்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதில்லை. வரைய ஒரு மென்பொருள், வரைந்ததை வெட்டுளியின் பாதையாக மாற்ற இன்னொன்று என்று இரண்டோடும் மல்லுக்கட்டிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தக்கலையில் நான் கடை திறந்த புதிதில் நடந்தவை இவை. நான் இயந்திரவியலில் முதுகலை முடித்தவள் என்பதை நினைவில் கொள்க; எனக்கே அது மறந்துபோன நாட்கள் உண்டு.

நகலெடுத்த கை

தங்கப்பன் அண்ணாச்சி வளைகுடாவில் இருபது வருடம் வெல்டிங் செய்து திரும்பியவர். வெட்டும் இயந்திரத்தைத் தன் கையாலேயே கட்டி முடித்துவிட்டு மென்பொருளுக்காக என்னிடம் வந்தார். அவர் மனைவி சரோஜத்துக்குப் பக்கவாதத்தில் வலதுகை விழுந்துவிட்டது. அது குணமாக வேண்டி மண்டைக்காட்டு அம்மைக்கு மாசிக் கொடை விழாவில் மரக்கை வைப்பதாக அண்ணாச்சி நேர்ந்திருந்தார்.

மேசைமேல் ஒரு தாளை விரித்தார். ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் மனைவியின் கையைக் கவிழ்த்து வைத்து எடுத்த நகல். கறுத்த தாளுக்குள்ளிருந்து யாரோ வெளியே வர உள்ளங்கையால் அழுத்துவதுபோல் இருந்தது. கண்ணாடி சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லையாம். மரக்கைகள் கோவில் வாசலிலேயே விற்கின்றனவே, எதற்கு இத்தனை பாடு என்று கேட்டேன்.

"அது ஆருக்க கையோ, மக்ளே. அம்மை ஆளு மாறிக் குணமாக்கிரப்பிடாதுல்லா."

பாதியில் நின்ற விரல்

முதலில் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பை யாரோ இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அத்தகைய பதிப்புகள் குறிப்பிட்ட வரிகளுக்குமேல் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதாமல் நின்றுவிடும் என்று எச்சரித்தேன். அப்படியே நடந்தது. கட்டைவிரலில் தொடங்கிய வெட்டுளி மோதிரவிரலின் பாதியில் நின்றது. சுண்டுவிரல் பலகைக்குள்ளேயே கிடந்தது. நான்கு பலகைகளிலும் அதே இடம்.

காரணத்தைப் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்லியது சரிதான். ஆனா அவளுக்கும் முதல்ல போனது அந்த ரெண்டு விரலாக்கும்."

என் சிபாரிசு

ஆகவே நானே தேர்ந்து கொடுத்தேன். பொழுதுபோக்காளர்களுக்கான உரிமம், கைக்கு அடங்கிய விலை, படத்தின் விளிம்பைப் பின்பற்றி வரையவும் வெட்டவும் ஒரே மென்பொருள். அதைப் பரிந்துரைத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கொடைக்கு இரண்டு நாள் முன்பு துண்டில் பொதிந்து கையைக் கொண்டுவந்தார். நகலின் விளிம்பில் வெட்டி, மேற்பக்கத்தில் நகங்களும் விரல் மூட்டுகளும் செதுக்கியிருந்தார். கோணிய ஆள்காட்டி விரல் அப்படியே கோணியிருந்தது. நான் மனமாரப் பாராட்டினேன். துண்டோடு என் மடியில் வைத்தார்.

"பிடிச்சுப் பாரு. இப்பந்தான் எறங்கினது, சூடு ஆறல்ல."

கண்ணாடிக்குக் கீழே

கொடை முடிந்து சில நாள் கழித்து, வேறொருவருக்கு மாதிரி காட்ட, அண்ணாச்சி கடையில் விட்டுப்போன நகல் தாளை எடுத்தேன். விளையாட்டாக என் வலதுகையை அதன்மேல் கவிழ்த்தேன்; பொருந்தவில்லை. இடதுகையைக் கவிழ்த்தேன். பொருந்தியது.

நகல் இயந்திரம் கையைக் கீழிருந்து, உள்ளங்கைப் பக்கமாகப் பார்க்கிறது. அந்த விளிம்பின்மேல் நகம் செதுக்கினால் வலதுகை இடதுகையாகிவிடும். திரையில் ஒருமுறை புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் மலிவென்று தேர்ந்த மென்பொருளோ மேலிருந்து மட்டுமே காட்டும். அம்மையின் சந்நிதியில் சரோஜத்தின் நல்ல கை கிடந்தது.

அண்ணாச்சியிடம் தொலைபேசியில் ஒளிக்காமல் சொன்னேன்.

"கொடை முடிஞ்ச அன்னையிலேருந்து இடதுகை சூடில்லாம தணுத்துக் கெடக்குன்னு சொல்லுகா. நான் காத்து பிடிச்சதுன்னு இருந்தேன்."

சரோஜம் அக்கா

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போனார்கள், திரும்புகிற வழியில் கடைக்கு வந்தார்கள். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, நல்ல கைக்கு வேலை கூடிப்போனதால் இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். நம்பத்தகுந்த விளக்கம். நான் நம்பினேன். நம்பிக்கொண்டே கணினியைத் திறந்தேன். இன்றைக்கே சரியான வலதுகையை வெட்டிக்கொண்டு போய் வைத்துவிட வேண்டும், எந்த மென்பொருளானாலும் சரி, என்ன விலையானாலும் சரி என்று அண்ணாச்சி நின்றார். அவ்வளவு அவசரப்பட்ட வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. அவ்வளவு அவசரமாக நானும் இயங்கியதில்லை.

சரோஜம் அக்கா உயிரில்லாத வலதுகையை இடதுகையால் எடுத்து மடியில் வைத்தார். திரையில் எழுந்த உருவத்தைப் பார்த்தவர், கணவரிடம் அதை அணைக்கச் சொன்னார்.

"ஒண்ணு அங்க இருக்கு. இதையும் கொண்டு வெச்சா நான் எதக் கொண்டு கும்பிடியது?"

இடதுகை மருந்தால் தேறியதா, இன்னொரு கை வைக்க அக்கா மறுத்ததால் தேறியதா என்று கேட்காதீர்கள். பின்பக்கம் காட்டாத மென்பொருள் எத்தனை மலிவானாலும் அதை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை என்பது மட்டுமே என் முதுகலைப் பட்டத்துக்கு எட்டிய முடிவு.