விண்கலம் என்றால் வெண்கலம்

நான் அறிவியல் புனைகதை எழுதுவது பேருந்தில்தான். சித்தூரில் வேலை முடிந்து திருப்பதிக்குத் திரும்பும் மாலைப் பேருந்தில், கிடைத்தால் ஜன்னலோரத்தில். காலையில் போகும்போது ஒரு வரிகூட வராது. காலை வேளைகளில் எதிர்காலத்தின்மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இருப்பதில்லை.

வேலை மாம்பழக்கூழ் தொழிற்சாலையில். டின்னின் மேல் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பவன் நான். பங்காருபாளையத்துத் தோத்தாபுரி மாம்பழம் எதுவரை வாயில் வைக்கத் தகும் என்பது என் பொறுப்பு. அந்தப் புத்தி கதையிலும் விடவில்லை. என் விண்கலங்களுக்கெல்லாம் காலாவதித் தேதி உண்டு. ஒருமுறை செவ்வாய்க் கிரகத்தில் ஒரு குடும்பத்தைக் குடியேற்றினேன். மாமனார் அமாவாசைக்கு ஒருவேளைதான் சாப்பிடுவார். செவ்வாய்க்கு இரண்டு நிலா. அதில் ஒன்று ஒரே நாளில் மூன்று சுற்று சுற்றிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மனிதர் பட்டினியிலேயே போய்விடுவார். கதையை அங்கேயே நிறுத்தினேன். இன்றுவரை அவர் பசியோடு என் கம்ப்யூட்டரில் இருக்கிறார்.

எனக்குச் சண்டை பிடிக்காது, பச்சை நிற ஆசாமிகள் பிடிக்காது, பழுதாகாத இயந்திரங்கள் அறவே பிடிக்காது. விண்கலத்தில் பாத்திரம் கழுவுவது யார் என்று சொல்லாத கதையை நான் நம்புவதில்லை. தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் படித்துத் தள்ளியிருக்கிறேன். அந்த ஆளை எங்கும் காணோம்.

பேருந்துக் குலுக்கலில் விரலால் தட்ட முடியாது. அதனால் போனைத் தமிழில் வைத்துவிட்டு வாய்க்கருகே பிடித்து மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவேன். அது கேட்டு எழுதும். ஆனால் அதற்கென்று ஒரு காது. விண்கலம் என்றால் வெண்கலம். ஈர்ப்பு விசை என்றால் ஈரப் பூசை. கருந்துளை என்றால் கரும்பு இலை. எழுதியதை வீட்டில் முதலில் படிப்பவள் என் மனைவி. நகரிக்காரி, தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒரு எழுத்தும் தப்பாது.

"வெண்கலம் ஈரப் பூசையில் சிக்கி கரும்பு இலையில் விழுந்தது" என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாங்க இது, பொங்கல் சாமான் லிஸ்டா?"

பக்கத்து இருக்கைக்காரர்கள் நான் யாரிடமோ பேசுவதாகவே நினைப்பார்கள். ஒருநாள், "கேப்டனுக்கு ஆக்சிஜன் இன்னும் பத்து நிமிடத்துக்குத்தான் வரும்" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரிண்ணா? பயந்துக்காதீங்க. நா பெருமாள்கிட்ட வேண்டிக்கிறேன்."

கதை என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த அத்தியாயத்தில் கேப்டன் பிழைத்துக்கொண்டார். வேண்டுதல் வீணாகக் கூடாது.

அந்தக் கேப்டனின் கதைதான் என் முதல் நாவல். பிரபஞ்சத்தின் விளிம்பில் ஒரு கதவு. அதன் பின்னால் இருப்பதைப் பார்க்க ஒரு விண்கலம் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. வழியில் அங்கங்கே மற்றக் கலங்களோடு வரிசையில் கூண்டுகளில் அடைத்து நிறுத்துவார்கள், சாப்பாடு கொடுப்பார்கள். பல வருடம் பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதியவனுக்கு முதன்முதலாக ஒரு புத்தகம். சென்னைப் பதிப்பகம் ஒப்புக்கொண்டுவிட்டது. பதிப்பாசிரியை ஒரு திங்கட்கிழமை போன் செய்தார். திங்கள் என்பது நிச்சயம். எனக்கு எது மறந்தாலும் கிழமை மறக்காது.

"எல்லாம் நல்லா இருக்கு சார். முடிவுதான்... கதவு திறக்குது, உள்ளே இருந்து ஒரு குரல் வருது. அந்தக் குரல் மூணு பக்கம் பேசுது சார். ஆண்டு விழா சிறப்பு விருந்தினர் மாதிரி."

"சுருக்கிடறேன் மேடம்."

"சுருக்க வேண்டாம், மாத்துங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலன்னா இந்தப் புத்தகக் கண்காட்சிக்கு வேற நாவலை எடுத்துக்கறோம்."

செவ்வாயன்று குரலை அழவைத்தேன். புதனன்று கணிதச் சூத்திரம் சொல்லவைத்தேன். மனைவி இரண்டையும் படித்துவிட்டு, "முதல்ல துன்னுங்க" என்றாள். அதுதான் அவள் விமர்சனம்.

வியாழன் மாலை பேருந்தில் நிற்கவும் இடமில்லை. எப்படியோ ஜன்னலோரம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டியது. மலை மேல் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. போனை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். கேப்டன் கதவின் முன் நின்றார். பாட்டன் காலத்திலிருந்து காத்திருந்த கதவு. அது திறந்தது. அவர் கண்ணை முழுதாகத் திறப்பதற்குள் உள்ளிருந்து ஒரு குரல் சொன்னது—

என்ன சொன்னது? எனக்குத் தெரியவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தேன். நிறுத்தத்தில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். ஊர் வந்துவிட்டது. இனி வராது என்று அலுத்துப்போய், "முற்றும்" என்று சொல்லி அணைத்தேன்.

வீட்டில் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். ஓடிவந்தால், அவள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், காலடியில் தட்டு. வாங்கிப் பார்த்தேன். 'உள்ளிருந்து ஒரு குரல் சொன்னது ஜருகண்டி ஜருகண்டி முற்றும்.'

கண்டக்டர்! ஏறியவர்களை உள்ளே தள்ள அவர் கத்தியதைப் போன் கேட்டு எழுதியிருந்தது. தெலுங்கில் அதற்கு 'நகருங்கள்' என்று பொருள். மணிக்கணக்கில் வரிசையில் நின்று சன்னதிக்குப் போய், பெருமாள் முகத்தைக் கண் தேடிக்கொண்டிருக்கும்போதே காதில் விழும் சொல். திருமலைக்கு ஒருமுறை போனவருக்கும் மறக்காது.

அழிக்கக் கையை நீட்டினேன். அவள் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

"கைய வெச்சீங்கன்னா பாருங்க! இத்தினி வருசமா நீங்க எழுதிக்கினு கீறதுலயே இதான் நெஜம்."

"இது நான் எழுதலயே!"

"அதான் நல்லா கீது."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலிலிருந்து படித்தேன். தலைமுறை தலைமுறையாய் வரிசை, அங்கங்கே அடைத்து நிறுத்தும் கூண்டுகள், இடையில் கொடுக்கும் சாப்பாடு. நான் எழுதியிருந்தது தர்ம தரிசன வரிசை. இந்த ஊரிலேயே இருந்துகொண்டு எனக்குத்தான் தெரியவில்லை. வெண்கலங்களை மட்டும் விண்கலங்களாக்கி, ஒரு மேற்கோள் குறி சேர்த்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பகலில், டின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது பதிப்பாசிரியை அழைத்தார். முதலில் சிரிப்பு மட்டும் கேட்டது. "சார், ஆபீசே நின்னுபோச்சு. இதை எப்படிப் பிடிச்சீங்க?"

"கண்டக்டர் கொடுத்தாரு மேடம்."

"அடக்கம் வேற! அச்சுக்குப் போகுது சார்."

நான் துள்ளிய துள்ளலில் ஒரு வரிசை டின் தேதி விழாமலே போய்விட்டது. அத்தனையையும் திருப்பி எடுத்து வந்து முத்திரை போட்டேன், விசிலடித்துக்கொண்டே.

தை மாதம் புத்தகம் வந்தது. மாலைப் பேருந்தில் ஏறியதும் முதல் பிரதியை அந்தக் கண்டக்டருக்கே கொடுத்தேன். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. புரட்டினார், முகர்ந்தார்.

"இதுல என் பேரு கீதுங்களா சார்?"

"பேர் இல்ல. கடைசி வார்த்தை உங்களுது."

"இன்னா வார்த்தை?"

சொன்னேன். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அதுக்கு எதுக்கு சார் இத்தினி பக்கம்?" என்றார். எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஜருகண்டி, ஜருகண்டி! ரைட்டர் சார், நீங்களுந்தான்!"